போனேர் தீவில் ஸ்கூபா டைவிங்: முதல்முறை போகிறவர்களுக்கான திட்டம்

டைவிங்குக்குப் பேர்போன ஊர்களில் பெரும்பாலும் காலையில் படகு கிளம்பும். எங்கே இறங்குவது, எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் நீந்துவது எல்லாவற்றையும் கூட வரும் வழிகாட்டி பார்த்துக்கொள்வார். கரீபியன் கடலில் உள்ள போனேர் தீவில் வழக்கமே வேறு. காற்று அடைத்த டேங்கைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு மேற்குக் கரைச் சாலையில் போக வேண்டியது. பெயர் எழுதிய மஞ்சள் கல் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே கடலுக்குள் இறங்க வேண்டியது. நேரம் உங்கள் விருப்பம், துணைக்கு வருகிறவரும் உங்கள் விருப்பம்.

இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் டைவர்கள் இங்கே திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆனால் வழிகாட்டி இல்லாத இடத்தில் அவர் செய்யும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தொடங்கிவிட்டால் விடுமுறை சுகமாக இருக்கும்.

தீவைப் பற்றி இரண்டு வரி. வெனிசுவேலா கரைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 2010 அக்டோபர் முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. 2011 முதல் அமெரிக்க டாலர்தான் நாணயம். தலைநகர் கிராலன்டைக். மக்கள் பேசுவது பாப்பியமெந்து, டச்சு. ஆங்கிலம் தெரிந்தால் போதும், எங்கும் சமாளிக்கலாம்.

எந்த மாதம்

கரீபியன் என்றதும் எல்லாரும் புயலைக் கேட்பார்கள். போனேர் 12 பாகை வட அட்சத்தில், புயல்களின் வழக்கமான பாதைக்குத் தெற்கே ஒதுங்கி இருக்கிறது. அதனால் மற்றத் தீவுகளுக்குப் போகத் தயங்கும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் இங்கே வரலாம். ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வாணிபக் காற்று வீசும். தீவு அந்தக் காற்றை மறைப்பதால் மேற்குக் கரையில் கடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். டைவ் இடங்களில் பெரும்பகுதி அங்கேதான். கிழக்குக் கரையில் அலை மோதும்; புதியவர்கள் அந்தப் பக்கம் இறங்கவே கூடாது.

தண்ணீரின் வெப்பம் பிப்ரவரி வாக்கில் 26 பாகை, செப்டம்பர், அக்டோபரில் 29 பாகை செல்சியஸ். கடலும் காற்றும் மிக அமைதியாக இருப்பது செப்டம்பரில். ஆனால் இலையுதிர்காலத்தில் எப்போதாவது காற்று திசை மாறி மேற்கிலிருந்து வீசும். அப்போது மேற்குக் கரையிலும் அலை எழும்பும். ஒன்றிரண்டு நாள் டைவ் நின்றுபோகலாம். அந்த மாதங்களில் போகிறவர்கள் ஐந்து நாளுக்குப் பதில் எட்டு நாளாகப் போடுங்கள்.

சான்றிதழை ஊரிலேயே பாதி முடியுங்கள்

டைவிங் தெரியாதவர்கள் முதலில் எடுக்க வேண்டியது ஓப்பன் வாட்டர் சான்றிதழ். பாடம், நீச்சல்குளப் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம். நீச்சல் தேர்வில் நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் பார்ப்பதில்லை.

முழுப் படிப்பையும் விடுமுறையில் வைத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தது மூன்று நாள் போய்விடும். பாடத்தையும் குளப் பயிற்சியையும் வீட்டுக்கு அருகில் முடித்து, அதற்கான கடிதம் வாங்கிக்கொண்டு போனால் கடல் டைவ் நான்கையும் அங்கே செய்யலாம். கடிதம் ஓராண்டு செல்லும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல வழி, சான்றிதழைப் புதுச்சேரியிலோ அந்தமானிலோ முழுசாக முடித்து, மேலும் பத்துப் பதினைந்து டைவ் போட்டுவிட்டுக் கிளம்புவது. வழிகாட்டி இல்லாமல் இறங்கும் தீவுக்கு ஐந்தாவது டைவில் போவது சரியில்லை. அப்படிப் போக நேர்ந்தால் முதல் இரண்டு நாளுக்கு ஒரு பயிற்சியாளரைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பயிற்சிக்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை போன்ற கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவர் கையெழுத்து தேவைப்படலாம். அதை ஊரிலேயே வாங்கி வையுங்கள். தீவுக்குப் போன பிறகு மருத்துவரைத் தேடினால் இரண்டு நாள் வீண். மறைத்து எழுதுவது அதைவிட மோசம்: கடலடியில் மூச்சுக்குழாய் இறுகினால், மேலே வரும்போது விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் நுரையீரல் கிழியும்.

விசா, கட்டணம், காப்பீடு

பலர் தடுக்கி விழுவது விசாவில். போனேர் நெதர்லாந்தைச் சேர்ந்ததுதான், ஆனால் ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் செங்கன் பகுதியில் இல்லை. நெதர்லாந்தின் கரீபியன் பகுதிகளுக்கென்று தனி விசா உண்டு. யாருக்கு விலக்கு என்பது உங்கள் கடவுச்சீட்டையும் கையிலிருக்கும் மற்ற விசாக்களையும் பொறுத்தது. டிக்கெட் போடும் முன் நெதர்லாந்துத் தூதரகத்தின் விதிகளைப் பாருங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதாக இருந்தாலே அமெரிக்க விசா வேண்டும். கனடா, ஐரோப்பியக் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கு இது எளிது. ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் அமெரிக்க நகரங்கள் சிலவற்றிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது.

இரண்டு கட்டணங்கள் கட்டாயம். தீவுக்குள் நுழையும் வரி 75 டாலர். 2022 ஜூலையில் வந்தது. கடல் பூங்காவுக்கான இயற்கைக் கட்டணம் 40 டாலர். 2023 முதல் நீந்துகிறவர், டைவ் செய்கிறவர் எல்லாருக்கும் ஒன்றுதான். இரண்டையும் கிளம்பும் முன் இணையத்தில் கட்டி ரசீதைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். கட்டும்போது அப்போதைய தொகையைச் சரிபாருங்கள்.

சாதாரணப் பயணக் காப்பீட்டில் டைவிங் சேராமலே இருக்கும், அல்லது ஆழ வரம்பு இருக்கும். டைவிங்குக்கென்றே உள்ள காப்பீடு எடுங்கள். உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாவதால் வருவது அழுத்தநோய். அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை கிராலன்டைக்கிலேயே இருக்கிறது. அதற்கான செலவைக் கையிலிருந்து கொடுப்பது பெரும் சுமை.

தங்குமிடமும் வண்டியும்

தங்குமிடம் தேடும்போது கட்டிலையும் கடல் காட்சியையும்விட முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: சாமான் அலச நன்னீர்த் தொட்டி, அதைப் பூட்டிக் காயவைக்கும் இடம், வாசலிலேயே இறங்கக்கூடிய கடல். மூன்றாவது இருந்தால் வண்டியே எடுக்காமல் ஒரு நாளைக்கு இரண்டு டைவ் போடலாம். சமையலறை உள்ள வீடாகப் பிடித்தால் செலவு குறையும். சைவக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, அப்படியே குடிக்கலாம். மின்சாரம் 127 வோல்ட், அமெரிக்க வகைப் பிளக். டார்ச் சார்ஜரில் 100-240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவையுங்கள்.

வண்டி பிக்கப்தான், வேறு சரிவராது. பல வண்டிகள் கையால் கியர் மாற்றுபவை. ஓட்டுவது சாலையின் வலப்புறம். காட்டுக் கழுதைகளும் ஆடுகளும் திடீரென்று குறுக்கே வரும். எடுக்கும்போதே சாவியைப் பாருங்கள். வெறும் உலோகச் சாவியானால் பி.சி.டி. (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கலாம். மின்னணுச் சாவி நனைந்தால் போச்சு. நீர்புகாத டப்பி கேளுங்கள்.

நிறுத்திய வண்டியில் திருட்டு நடக்கிறது, இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அங்கே டைவர்கள் செய்வது: வண்டியில் ஒன்றுமே வைப்பதில்லை, கதவைப் பூட்டுவதும் இல்லை, கண்ணாடியையும் இறக்கிவிடுகிறார்கள். பூட்டினால் கண்ணாடியை உடைப்பார்கள். ஒரு துண்டு, ஒரு குடிநீர்ப் புட்டி, பழைய செருப்பு, அவ்வளவுதான் வண்டியில் இருக்கலாம். பணம், கடவுச்சீட்டு, கைப்பேசி அறையில். பூட்டாத வண்டிக்குக் காப்பீடு செல்லுமா என்பதை வாடகை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டேங்குக்கு ஆறு நாள், எட்டு நாள் என்று தொகுப்பாகக் கட்டிவிட்டால் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். வண்டியோடு கடைக்குள் நுழைந்து, காலியை இறக்கி, நிரம்பியதை ஏற்றிக்கொண்டு வெளியேறலாம். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) சான்றிதழ் இருந்தால் அதையே எடுங்கள். பல கடைகளில் சாதாரணக் காற்றின் விலைதான். ஒரு நாளைக்கு மூன்று நான்கு டைவ் போடும் ஊரில் உடம்பில் சேரும் நைட்ரஜன் குறைவது பெரிய லாபம். ஆனால் ஒவ்வொரு டேங்கையும் நீங்களே அளந்து, ஆக்சிஜன் சதவீதத்தை எழுதி ஒட்ட வேண்டும். 32% என்றால் 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

பெட்டியில் என்ன

மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், காலணி மூன்றும் சொந்தமாக இருக்கட்டும். மற்றதை வாடகைக்கு எடுக்கலாம். காலணிதான் புதியவர்கள் ஏமாறும் இடம். போனேரின் கரை மணல் அல்ல. உடைந்த பவளமும் கூரான சுண்ணாம்புப் பாறையும். அடிப்பகுதி கெட்டியான நியோப்ரின் காலணியும், அதன் மேல் மாட்டும் பின்பக்கம் திறந்த ஃபின்னும் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) வேண்டும். வெறுங்காலில் மாட்டும் ஃபின் கொண்டுபோனால் முதல் நாளே பாதம் கிழியும். இவற்றோடு 3 மி.மீ. உடை, திசைகாட்டி, மேலே வரும்போது விடும் சிவப்பு மிதவை, விசில், இரண்டு டார்ச், ரெகுலேட்டருக்கான (டேங்கிலிருந்து வாய்க்குக் காற்று தரும் கருவி) ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் சில. டேங்குகளில் பெரும்பாலும் யோக் (கவ்விப் பிடிக்கும்) வகை வால்வு. உங்கள் ரெகுலேட்டர் டின் (திருகி மாட்டும்) வகையானால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன் 2021 முதல் தீவில் தடை. முழுக்கைச் சட்டையே போதும், கடலுக்கும் நல்லது.

முதல் நாள்: வெயிட் சரிபார்ப்பது

பூங்கா விதிப்படி முதலில் ஓர் அறிமுக வகுப்பும், கடை வாசலிலேயே ஒரு சோதனை டைவும் உண்டு. அதைச் சடங்காகக் கழித்துவிடாதீர்கள். வாரம் முழுவதும் டைவ் நன்றாக அமைவதும் கெடுவதும் அன்று வெயிட் (உடம்பை அமிழ்த்தக் கட்டும் ஈயக்கட்டி) சரியாக அமைவதைப் பொறுத்தது.

தோளளவுத் தண்ணீரைத் தாண்டி நில்லுங்கள். ரெகுலேட்டர் வாயில். பி.சி.டி.யில் உள்ள காற்றை முழுக்க விடுங்கள். சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்துப் பிடித்து, காலை ஆட்டாமல் இருங்கள். தண்ணீர் மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்தபோதே கல்லைப்போல் இறங்கினால் வெயிட் அதிகம். ஒவ்வொரு கிலோவாக எடுத்துப் பாருங்கள். அங்கே தரும் அலுமினிய டேங்க் காற்று தீரத்தீர இலேசாகி, கடைசியில் மேலே மிதக்கப் பார்க்கும். நிரம்பிய டேங்கோடு சோதித்திருந்தால் அதற்காக 2 கிலோ கூட்டுங்கள். இதை மறந்தவர்கள் டைவ் முடிவில் 5 மீட்டரில் நிற்க முடியாமல் பந்துபோல் மேலே வந்துவிடுவார்கள். பயத்தில் நான்கைந்து கிலோ கூடுதலாகக் கட்டிக்கொள்பவர்களுக்கு நேர்மாறான சங்கடம்: கால் தொங்கும், ஃபின் பவளத்தில் இடிக்கும், காற்று விரைவில் தீரும்.

கரையிலிருந்து இறங்கும் முறை

1. சாமான் மாட்டும் முன் ஐந்து நிமிடம் கடலைப் பாருங்கள். அலை எங்கே உடைகிறது, எங்கே இடைவெளி, படகு கட்டும் மிதவையின் கயிறு எந்தப் பக்கம் சாய்கிறது. கயிறு சாயும் பக்கம்தான் நீரோட்டம் போகும் பக்கம்.

2. கரையில் ஓர் அடையாளம் பிடியுங்கள்: உங்கள் வண்டி, அதன் பின்னே ஒரு கம்பம். இரண்டும் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடம்தான் நீங்கள் வெளியேறும் வழி.

3. வண்டிக்குப் பின்னால் நின்று ஒருவரையொருவர் சோதியுங்கள். டேங்க் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்பதை காற்றழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நான்கு முறை மூச்சிழுத்துப் பாருங்கள். முள் ஆடினால் வால்வு பாதிதான் திறந்திருக்கிறது.

4. மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், பி.சி.டி.யில் பாதிக் காற்று, ஃபின் கையில். பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். விழுந்தாலும் மூச்சு இருக்கும்.

5. இடுப்பளவு வந்ததும் துணைவரின் தோளைப் பிடித்து ஃபின் மாட்டி, உடனே நீந்தத் தொடங்குங்கள். முழங்கால் தண்ணீரில் நின்று நேரம் கழிப்பவர்களைத்தான் அலை புரட்டும்.

6. மிதவை வரை மேலேயே நீந்துங்கள். அதன் அடியில் ஒரு கான்கிரீட் கட்டை இருக்கும். அதன் ஆழத்தையும் பக்கத்திலுள்ள பவளத்தின் உருவத்தையும் மனத்தில் பதியவையுங்கள். திரும்பி வருகையில் அந்தக் கட்டையைத்தான் தேடப்போகிறீர்கள்.

7. நீரோட்டத்துக்கு எதிராகப் போய், அதோடு திரும்புங்கள். போகும்போது பவளச்சரிவு வலத்தோள் பக்கம் என்றால், திரும்பும்போது இடத்தோள் பக்கம்.

மேற்குக் கரையின் அமைப்பே புதியவர்களுக்கு ஏற்றது. முதலில் மணல் திட்டு, பிறகு 10 மீட்டர் வாக்கில் விளிம்பு, அங்கிருந்து 30 மீட்டரும் தாண்டிச் சரிவு. போகும்போது 16 மீட்டர், திரும்பும்போது 9 மீட்டர், கடைசியில், சேர்ந்த நைட்ரஜன் வெளியேறத் திட்டின் மேல் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல்.

காற்றுக் கணக்கு

வழக்கமான அலுமினிய டேங்கின் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தொடங்கி 50 பாரில் மேலே வர வேண்டும் என்றால் கையில் இருப்பது 150 பார்; அதாவது 1,665 லிட்டர். புதியவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு, எனவே 40 லிட்டர். காற்று 41 நிமிடம் வரும். 20 மீட்டரில் மூன்று மடங்கு, 60 லிட்டர், 27 நிமிடம்தான். ஆழம் எப்படிக் காற்றைத் தின்கிறது என்பது இதில் தெரியும். அங்கே அழகான மீன்கள் பெரும்பாலும் 12 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில்தான், ஆழத்துக்குப் போய்ச் சேர்க்கும் லாபம் குறைவு.

இருவரில் யாருடைய அழுத்த மீட்டர் முதலில் 130 பாரைத் தொடுகிறதோ அப்போது திரும்புங்கள். ‘இன்னும் கொஞ்ச தூரம்’ என்று போய் 80 பாரில் திரும்புகிறவர்கள் காற்றைச் சேமிக்க மேலே வந்து, வெயிலில் நெடுந்தூரம் நீந்தி, தெரியாத பாறையில் கரையேறுவார்கள்.

எந்த இடம், எந்த நாள்

முதல் இரண்டு நாள் நகரையொட்டிய இடங்கள். பாரி ரீஃபில் எளிதாக இறங்கலாம், மீன் வகைகளுக்கும் குறைவில்லை. தெற்கே ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட், ஏஞ்சல் சிட்டி இரண்டிலும் பவளத்திட்டு இரட்டை வரிசை: முதல் சரிவு, நடுவில் மணல், அப்பால் இன்னொரு திட்டு. அந்த மணலைக் கடக்கும்போதுதான் பலர் தங்களுக்கே தெரியாமல் ஆழமாக இறங்கிவிடுகிறார்கள். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள் சால்ட் பியர். உப்பு ஏற்றும் கப்பல் துறையின் தூண்களுக்கு இடையே நீந்தலாம். தூண் முழுவதும் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கடற்பஞ்சு. துறையில் கப்பல் நிற்கும்போது இறங்கக் கூடாது, முந்தைய நாளே கேட்டுவிட்டுப் போங்கள்.

ஹில்மா ஹூக்கர் 1984 செப்டம்பர் 12 அன்று மூழ்கிய, 72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல். கஞ்சா கடத்திப் பிடிபட்டது. 30 மீட்டரில் ஒருக்களித்துக் கிடக்கிறது. ஓப்பன் வாட்டர்காரர்கள் 18 மீட்டரில் நின்று அதன் மேற்பக்கத்தைப் பார்க்கலாம். உள்ளே நுழைவது அதற்கான பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும்.

வடக்கே ஆயிரம் படிகள் என்ற இடம். உண்மையில் 70 படி வாக்கில்தான். டேங்கோடு ஏறும்போது ஆயிரமாகத் தெரியும். ஒரே டைவுக்கு இறங்கி ஏறுவதைவிட, மதியத்துக்குள் இரண்டு டேங்கையும் கீழே இறக்கிவிட்டு இடையில் கரையில் ஓய்வெடுங்கள். அதற்கு அப்பால் உள்ள கர்ப்பாட்டாவுக்குப் போகும் சாலை ஒருவழி. வந்த வழியே திரும்ப முடியாது, ரின்கோன் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும்.

எதிரே உள்ள கிளைன் போனேர் குட்டித் தீவுக்குப் படகில் ஒரு நாள் போய் வாருங்கள்.

இரவு

முழுநிலவு கழிந்த இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை, சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து, பகலில் நன்கு பழகிய ஓர் இடத்தில் இறங்குங்கள். நிலவு எழும் முன் கடல் கும்மிருட்டாக இருக்க வேண்டும். மென்பவளங்களுக்கு அருகில் அசையாமல் நின்று டார்ச்சை அணைத்தால் நீலப்புள்ளிகள் சரம்சரமாக மேலேறுவது தெரியும். ஆஸ்ட்ரகாட் என்னும் கடுகளவுக் கணுக்காலிகளின் ஆண்கள், இணையை அழைக்கத் துளித்துளியாக ஒளியை உமிழ்ந்துகொண்டு நீந்துகின்றன. ஒரு சரம் தொடங்கியதும் பக்கத்தில் இன்னொன்று, அதற்கு அப்பால் இன்னொன்று. சில நிமிடங்களில் முடிந்துவிடும். இந்த இரவுகளை ஒட்டி விமான டிக்கெட்டைப் போடுவது தகும்.

கரையில் ஒரு விளக்கை எரியவிட்டுப் போங்கள், திரும்பும் வழி தெரிய வேண்டும்.

பவளத்துக்கு நாம் செய்ய வேண்டியது

போனேர் தேசியக் கடல் பூங்கா 1979-இல் தொடங்கியது. கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றிய கடல் முழுவதும் அதில் அடக்கம். கையுறைக்குத் தடை. கையுறை இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும், காரணம் அவ்வளவுதான். எதையும் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது. கரையில் கிடக்கும் செத்த பவளத்தையும் பெட்டியில் போடக் கூடாது. 2023-இல் இங்கும் கல் பவளத் திசு அழிவு நோய் வந்துவிட்டது. நூற்றாண்டாக வளர்ந்த மூளைப்பவளம் சில வாரங்களில் வெள்ளை எலும்பாகிவிடுகிறது. எங்கெங்கோ டைவ் செய்த உடையையும் பி.சி.டி.யையும் கிருமிநீக்கி, அலசி, முழுக்கக் காயவைத்துக் கொண்டுபோவது ஒவ்வொருவரும் செய்தே ஆக வேண்டிய வேலை. கடைகளில் அதற்கான தொட்டி எங்கே என்று கேளுங்கள்.

அடிக்கடி நேரும் கோளாறுகள்

காதுவலிதான் முதலில் வரும். வலிக்கும் வரை காத்திருந்து, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன் செய்தால் அப்போதே தாமதம். முதல் மீட்டரிலிருந்தே, அரை மீட்டருக்கு ஒருமுறை செய்யுங்கள். அடைத்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி. சளி இருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். மாத்திரை போட்டு இறங்கினால் கடலடியில் அதன் வேகம் தீர்ந்து, மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

கடுகு நிறத்தில், நுனி வெளுத்திருப்பது நெருப்புப் பவளம். மிதவைக் கயிறுகளிலும் வளரும். பட்டால் தீப்போல் எரியும். தேய்க்காமல் கடல்நீரில் கழுவுங்கள்.

டைவுக்குப் பிறகு மூட்டுவலி, மரத்துப்போதல், தோலில் படை, காரணமில்லாத அசதி இவற்றில் எது வந்தாலும் ‘தூங்கினால் சரியாகும்’ என்று விடாதீர்கள். டைவ் கடைக்குச் சொல்லி ஆக்சிஜன் வாங்கி, மருத்துவமனைக்குப் போங்கள். நீர் குடிக்காமல் வெயிலில் மூன்று டைவ் போடுகிறவர்களுக்கு இந்த அபாயம் கூடும். நான்காம் நாள் மதியம் ஓய்வு வையுங்கள்.

கடைசி நாள்

பல நாள் டைவ் செய்தவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் தண்ணீருக்குள் போகக் கூடாது. 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. மாலை விமானமென்றால் முந்தைய நாள் மதியத்தோடு டைவ் முடிகிறது. டிக்கெட் போடும்போதே இந்த ஒரு நாளைக் கழித்துத்தான் எத்தனை டைவ் என்று எண்ண வேண்டும்.

அந்த நாளில் சாமானை நன்னீரில் ஊறவைத்து, பி.சி.டி.க்குள்ளும் நீர் விட்டுக் குலுக்கிக் கொட்டி, நிழலில் தொங்கவிட்டுவிட்டு, வடக்கே வாஷிங்டன் ஸ்லாக்பாய் பூங்காவுக்குப் போகலாம். 241 மீட்டர் உயரமுள்ள பிரண்டாரிஸ் குன்றுதான் தீவின் உச்சி. வெயில் ஏறும் முன் ஏறி இறங்கிவிடுங்கள். வரும் வழியில் கோட்டோமேர் ஏரியில் பூநாரைகள் இரைதேடிக்கொண்டிருக்கும்.